திறக்காத அலமாரி: சிறுவருக்கு அறிவியல் கதை எழுதும் முறை

சிறுவருக்கான அறிவியல் கதைகள் என்று வெளிவருபவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரன் ஒரு கேள்வி கேட்பான்; திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவோ, திடீரென்று வாய் திறக்கும் வேப்பமரமோ இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் விடை சொல்லும்; பேரன் “ஓ, அப்படியா!” என்று வியப்பான், கதை முடிந்துவிடும். பாடநூலின் பத்தி ஒன்றை எடுத்து அதற்கு மேற்கோள்குறி போட்டதற்கு மேல் இதில் எதுவும் நடக்கவில்லை. எனவே எழுத உட்காரும் முன் ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கதையிலிருந்து அறிவியலை உருவி எடுத்த பிறகும் கதை அப்படியே நின்றால், அந்த அறிவியல் ஒட்டுப்போட்டதுதான். கதையில் விழுந்த முடிச்சு அந்த அறிவியல் உண்மை தெரிந்தால் மட்டுமே அவிழ வேண்டும்.

அதற்குப் பாடத் தலைப்பிலிருந்து தொடங்காமல், வீட்டிலோ தெருவிலோ கண்ட ஒரு விந்தையிலிருந்து தொடங்குவது நல்லது. ‘நீர்ச்சுழற்சி’, ‘ஒளிச்சேர்க்கை’ போன்றவை பாடங்களின் பெயர்கள். அவற்றிலிருந்து கதை முளைப்பது கடினம். ஐப்பசி மழையில் இறுகிப்போய்த் திறக்க மறுக்கும் மர அலமாரி, பங்குனி வெயிலில் யாரும் தொடாமலே தளர்ந்துவிடுகிறது என்பது விந்தை. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் என்பதும், இழையோட்டத்துக்கு, அதாவது மரத்தின் நார்கள் ஓடும் திசைக்கு, குறுக்கே அது நன்றாகப் பருத்தாலும் இழையோட்டத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதும் அதன் பின்னுள்ள அறிவியல். ஓர் அடி அகலமுள்ள பலகை 2 மில்லிமீட்டர் பருத்தாலே போதும், கதவு சட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

இனி இதைக் கதையாக்க ஒரு குழந்தைக்கு இதனால் இக்கட்டு நேர வேண்டும். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அலமாரி திறக்கவில்லை. கடைசியாக அதைத் திறந்தவள் ஒன்பது வயதுப் பூங்கொடி. “நீதான் எதையோ உடைச்சு வச்சிருக்க” என்று அண்ணன் பழி போடுகிறான். தன் மேல் விழுந்த பழியைத் துடைப்பதே இப்போது அவளுடைய வேலை. அவளது முதல் ஊகம் தவறாக இருக்கட்டும். கீல் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் விடுகிறாள், பயனில்லை. இந்தத் தோல்வியை வெட்டிவிட்டு நேரே விடைக்குப் போக எழுதுபவரின் கை பரபரக்கும். ஆனால் ஊகித்து, சோதித்து, ஊகத்தைக் கைவிடுவதுதான் அறிவியல் என்பதால் அந்தப் பக்கத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். பிறகு அவள் கவனிக்கிறாள்: பக்கத்து அறையின் மரச் சன்னலும் இறுகியிருக்கிறது, ஆனால் இரும்பு பீரோ வழக்கம்போலத் திறக்கிறது. சித்திரையில் அந்தக் கதவில் படம் ஒட்டுவதற்காக அளந்து நோட்டில் குறித்துவைத்தது அவள் நினைவுக்கு வருகிறது.

“அகலம் முப்பது, உயரம் தொண்ணூறு. நானே எழுதினது.”

“இப்ப?”

“உயரம் அதே தொண்ணூறு, அண்ணா. அகலம் மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்கு.”

“கதவு குண்டாயிடுச்சா?” என்று சிரித்தான் அண்ணன். பூங்கொடி சிரிக்கவில்லை.

இந்த நான்கு வரியில் யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை என்பதையும், கதையைப் படிக்கும் குழந்தை பூங்கொடிக்கு அரைப் பக்கம் முன்னதாகவே விடையை எட்டிவிடக்கூடும் என்பதையும் கவனியுங்கள். அந்த அரைப் பக்க முந்துதலை வாசகருக்கு வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முதல் வரைவில் நான் அவளை ஒரு காகிதத் துண்டால் அளக்க வைத்திருந்தேன். காகிதமும் மரநாரிலிருந்து வருவதுதான், ஈரத்தில் அதுவும் விரியும் என்பது இரண்டு நாள் கழித்தே உறைத்தது. பருத்தி நூலையும் நம்ப முடியாது. கடைசியில் அப்பாவின் எஃகு அளவுநாடாவை அவள் கையில் கொடுத்தேன். முடிச்சை அவிழ்க்கும் கருவியே பிழையானால், கதை முழுவதும் பொய்யாகிவிடும்.

‘ஈரப்பதம்’ என்ற சொல் இந்தக் கதையில் எங்கே வர வேண்டும் என்று கேட்டால், கதவு திறந்த பிறகு என்பேன். பொருளை முதலில் கையால் தொட்டுவிட்ட குழந்தைக்குக் கலைச்சொல் ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. தொடும் முன்பே கொடுத்தால் அது ஒரு சுமை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் கலைச்சொல்லையே பயன்படுத்துங்கள். தனிப்பட்ட முறையில் எவ்வளவு அழகான புதுச்சொல்லை நீங்கள் ஆக்கி வைத்திருந்தாலும், அது வகுப்பறையில் குழந்தைக்கு உதவாது.

கற்பனைக்கு எவ்வளவு இடம் என்பது அடுத்த சிக்கல். என் கணக்கில் ஒரு கதைக்கு ஒரு பொய் போதும். அந்தப் பொய்யைத் தவிர மற்ற அனைத்தும் இயற்கையின் விதிப்படியே நடக்க வேண்டும். சிறுவன் ஒருவன் எறும்பளவு ஆகிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 120 செ.மீ. உயரமும் 25 கிலோ எடையும் உள்ளவன் உயரத்தில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் 1.2 செ.மீ. இருப்பான், அவன் உடலின் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகும், எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகி 25 மில்லிகிராமில் வந்து நிற்கும். எடை குறைந்த அளவுக்குப் பரப்பு குறையவில்லை என்பதால், காற்றின் தடை அவனைத் தாங்கிக்கொள்ளும். மாமரத்தின் உச்சியிலிருந்து விழுந்தாலும் உடம்பைத் தட்டிக்கொண்டு எழுந்து நடப்பான். ஆனால் ஒரு மழைத்துளியில் நனைந்தால் உடலில் ஒட்டும் நீர் அவன் எடையைவிட மிகுந்துவிடும், பரப்பு இழுவிசையின் பிடியிலிருந்து அவன் மீள்வது பெரும்பாடு. பெரும்பாலான கதைகளில் இப்படிச் சுருங்கியவன் பள்ளத்தைக் கண்டு நடுங்குவான். இலையில் கிடக்கும் பனித்துளியில் குதித்துக் குளிப்பான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆபத்து எங்கே, வேடிக்கை எங்கே என்பது அப்படியே தலைகீழாகிறது. அறிவியல் கற்பனையைக் கட்டிப்போடும் என்று அஞ்சுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியவில்லை. எல்லாம் கனவு என்று சொல்லிக் கதையை முடிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். குழந்தை அதுவரை போட்ட கணக்கையெல்லாம் அது அழித்துவிடும்.

விலங்குகளைப் பேச வைக்கும்போது தமிழில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. ‘அது’ என்று எழுதும்வரை தொல்லை இல்லை. பேசத் தொடங்கிய உடனே ‘அவன்’, ‘அவள்’, ‘மாமா’, ‘அக்கா’ என்ற உறவு ஒட்டிக்கொள்ளும். இரை தேடிச் செல்லும் ‘எறும்பு அண்ணன்’ உண்மையில் அக்கா. வேலைக்கார எறும்புகளும் வேலைக்காரத் தேனீக்களும் பெண்களே. இரத்தம் குடிக்கும் ‘கொசு மாமா’வும் இருக்க முடியாது; பெண் கொசுதான் கடிக்கும், ஆண் கொசு தாவரச் சாற்றையும் தேனையும் உண்டு வாழும். ‘குக்கூ’ என்று இழுத்துக் கூவும் குயிலைப் பெண்ணாக எழுதிப் பழகிவிட்டோம்; அப்படிக் கூவுவது கறுத்த ஆண் குயில், வெண்புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறப் பெண் குயிலின் குரல் வேறு. ஒரே ஓர் உறவுச்சொல்லில் ஓர் உயிரியல் பிழை நுழைந்துவிடுகிறது, திருத்துபவர் கண்ணிலும் அது படுவதில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை, அச்சிடுவதானால் 16 பக்கம் கொண்ட பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) என்ற கணக்குக்கு அடங்குமாறு திட்டமிடுங்கள். சொல்லளவுக்கு, சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தின் வாசிப்பு நிலைகள் நல்ல வழிகாட்டி: முதல் நிலைக்கு 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1,500 வரை. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளோடு நீள்வதால் நான் இதைவிடவும் குறைவாகவே வைத்துக்கொள்வேன்.

ஓவியருக்குக் கதையை மட்டும் அனுப்பினால் போதாது. படத்தில் நேரும் பிழை எழுத்தில் நேர்வதைவிட ஆழமாகப் பதியும். எறும்பின் ஆறு கால்களும் நடு உடலிலிருந்தே புறப்பட வேண்டும். சிலந்திக்கு எட்டுக் கால்கள். வானவில்லைப் பார்ப்பவளின் முதுகுக்குப் பின்னால்தான் சூரியன் இருக்கும், இரண்டையும் ஒரே திசையில் வரையக் கூடாது. பிறையின் வளைவுக்குள் விண்மீன் தெரியாது, ஏனெனில் அங்கே நிலவின் இருண்ட பகுதி மறைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாம் பிறையும் நம் ஊர் வானில் ஏறக்குறைய ஓடம்போலச் சாய்ந்து கிடக்கும். குளிர்நாட்டுப் படநூல்களைப் பார்த்து வரைந்த பிறை நட்டுவைத்த அரிவாள்போல நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

கதைக்குள் அடங்காத விளக்கங்களைக் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். 1634இல், ஆசிரியர் இறந்த பிறகு வெளிவந்த வானியலாளர் கெப்ளரின் நிலவுப்பயணக் கதையில் குறிப்புகள் கதையைவிடப் பன்மடங்கு நீளமானவை. அவருக்கு அது பொருந்தியது, நமக்கு ஒரு பக்கமே மிகுதி. வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒன்றை அதில் சேர்க்கலாம்: கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, முன்னும் பின்னும் அளப்பது போல.

எழுதி முடித்த கதையை அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும், பிறகு குழந்தைகளிடமும் கொண்டுபோங்கள். “என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று குழந்தைகளைக் கேட்காதீர்கள், அவர்கள் நமக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிடுவார்கள். படித்து முடித்ததும் அவர்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அலமாரிக் கதையை நான்காம் வகுப்பு ஒன்றில் படித்துக் காட்டியபோது, பின்வரிசைப் பையன் எழுந்து போய் வகுப்பறைச் சன்னலை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“சார், இது இரும்புச் சன்னல். இதுவும் மழைக்குத்தான் திறக்க மாட்டேங்குது. இது ஏன்?”

அன்று மாலையே, துரு பற்றி இன்னொரு நோட்டைத் தொடங்கினேன்.