ஹண்டர் குதிரைக்குக் கடிவாளம் வாங்குமுன்

கடிவாளம் என்றதும் நம்மூரில் பலருக்கும் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பு மட்டுமே நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது தலைக்கட்டு முழுவதையும்: காதுகளுக்குப் பின்னால் அமரும் உச்சிப்பட்டை, நெற்றிப்பட்டை, இரு கன்னப்பட்டைகள், மூக்குப்பட்டை, தொண்டைப்பட்டை, வாய் இரும்பு, லகான். ஹண்டர் பிரிவில் குதிரையைக் காட்சிக்கு விட நினைக்கும் மதுரைப் பக்கத்து ஆர்வலர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டபோது, ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

ஹண்டர் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. நாள் முழுவதும் வயல்வெளியிலும் வேலிகளைத் தாண்டியும் சவாரி செய்பவரைப் பத்திரமாகச் சுமந்து செல்லும் வேட்டைக்குதிரை என்னும் தகுதியின் பெயர். இங்கிலாந்தில் நாய்களை ஏவி நரிவேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆயினும் அந்த வேட்டைக்குதிரையின் இலக்கணம் போட்டித் திடலில் இன்றும் நிலைத்திருக்கிறது. உதகையின் வென்லாக் புல்வெளியில் ஆங்கிலேயர் குதிரையேறித் துரத்தியதும் குள்ளநரியைத்தான். நரியைப் பரியாக்கிய லீலையை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் காணும் நமக்கு, நரியைத் துரத்துவதற்கென்றே ஒரு பரியைப் பழக்கினார்கள் என்பது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இந்தப் பிரிவில் நடுவர் பார்ப்பது குதிரையின் சீரான நடை, அமைதியான குணம், தடை தாண்டும்போது உடல் வளையும் அழகு ஆகியவற்றை. ஆகவே கடிவாளம் கண்ணைப் பறிக்கக் கூடாது. குதிரையின் முகத்தை எடுத்துக்காட்டிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்க வேண்டும். கல்யாணக் குதிரைக்குக் கட்டும் குஞ்சம், மணி, வண்ண நெற்றிப்பட்டை எதுவும் இங்கே செல்லாது. அமெரிக்க வழக்கில் பழுப்புத் தோல், நடுவில் புடைத்த, நுண்தையல் இட்ட நெற்றிப்பட்டையும் மூக்குப்பட்டையும், பின்னல் வார் கோத்த லகானும் விரும்பப்படுகின்றன. பிரிட்டனிலோ தட்டையான, அகன்ற, அலங்காரமற்ற பட்டைகளே ஹண்டருக்கு உரியவை; பெரிய தலையுள்ள குதிரைக்கு மூக்குப்பட்டையும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். வாயைக் கட்டும் கூடுதல் வார் உள்ள மூக்குப்பட்டையும், மூக்கின்மேல் குறுக்காக எட்டு வடிவில் கட்டுவதும் வேறு போட்டிகளில் சாதாரணமாக இருக்கலாம். ஹண்டர் பிரிவில் அவை மரபுக்கு மாறானவை எனக் கருதப்பட்டு மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். எந்தப் போட்டிக்குப் போகிறோமோ அதன் விதிநூலைப் படித்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

இனித் தோல். கடிவாளத்தின் தரத்தில் முக்கால் பங்கு இதில்தான் அடங்கியிருக்கிறது. நல்ல கடிவாளத் தோல் தாவரப் பொருள்களால் பதனிடப்பட்டு, கொழுப்பும் எண்ணெயும் ஊட்டப்பட்ட மாட்டுத்தோலாக இருக்கும். திண்டுக்கல் பக்கத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்ட மரபை அறிந்தவர்களுக்கு அந்த முறையின் மணமும் நிறமும் புதிதல்ல. குரோம் உப்பால் பதனிட்ட தோல் மெத்தென்று இருந்தாலும் எளிதில் இழுபடும். கடிவாளத்துக்கு வேண்டிய விறைப்பு அதற்கு வராது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பட்டையின் ஓரத்துக்குச் சாயம் பூசியிருப்பார்கள், ஆனால் கொக்கி முள் நுழையும் துளையின் உட்புறத்துக்குப் பெரும்பாலும் பூசியிருக்க மாட்டார்கள். அங்கே பழுப்பாகத் தெரிந்தால் தாவரப் பதனீடு, நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோம். அடுத்து, பட்டையை மேற்பரப்பு உள்ளே வரும்படி மடக்க வேண்டும். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டவுடன் மறைந்தால் நார் இறுகிய தோல். தடித்த மடிப்புகளாகப் புடைத்தால் வயிற்றுப் பக்கத்துத் தளர்ந்த தோல், அல்லது மலிவான எருமைத்தோல். பின்புறம் பிசிறில்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அவசியம்.

ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கும் சோதனையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இணையத்தில் படத்தைப் பார்த்து, பளபளப்பில் மயங்கி, ஒரு கடையிலிருந்து வரவழைத்த கடிவாளம் சித்திரை வெயிலில் அரை மணி நேரச் சவாரிக்குள் சாயம் விட்டது. என் வெள்ளைக் குதிரையின் இரு கன்னங்களிலும் பழுப்புக் கோடுகள் வழிந்து, அதைக் கழுவிப் போக்க இரண்டு நாள் ஆயிற்று. நல்ல தோலிலும் முதல் தேய்ப்பில் சிறிது சாயம் வரலாம். மூன்றாம் முறையும் துணி நிறம் மாறினால் அதை வாங்க வேண்டாம்.

தையலில் ஓர் அங்குலத்துக்கு எட்டுக்குக் குறையாத தையல்கள் விழுந்திருக்க வேண்டும். இரண்டு ஊசி கொண்டு கையால் தைத்ததில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். இயந்திரத் தையல் அப்படியன்று, ஓரிடத்தில் விட்டால் பிரிந்துகொண்டே போகும். கொக்கிகளும் வளையங்களும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். காந்தம் வலுவாக இழுத்தால் முலாம் பூசிய இரும்பு என்று சந்தேகிக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை போனி (சிறியது), காப் (நடுத்தரம்), ஃபுல் (பெரியது) என்னும் சந்தைப் பெயர்களை நம்பி வாங்குவதுதான் பெரிய தவறு. பந்தயத்தை விட்டு வந்த தரோபிரெட் குதிரைக்கும் மார்வாரிக் குதிரைக்கும் உயரம் ஒன்றாகவே இருந்தாலும் தலையின் அமைப்பு வேறு. மார்வாரியின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருப்பதால், மாட்டும்போது மடங்கிக் கசங்காமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும். தையற்காரரின் நாடாவை எடுத்து, ஒரு கடைவாயிலிருந்து உச்சி வழியாக மறு கடைவாய் வரையும், ஒரு காதின் பின்புறத்திலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்புறம் வரையும், கன்ன எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே மூக்கைச் சுற்றியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கொக்கி நடுத்துளையில் விழுந்தால் அளவு சரி. நெற்றிப்பட்டை குட்டையானால் உச்சிப்பட்டையைக் காதின் அடியோடு இழுத்து உறுத்தும். குதிரை ஓயாமல் தலையை உதறும், நாம் அதன் குணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரலும், தொண்டைப்பட்டைக்குள் மூடிய கையும் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

வாய் இரும்பு உதட்டுக்கு இருபுறமும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். லகானின் இழுப்பை நேரே வாய்க்குக் கொடுக்கும் எளிய ஸ்னாஃபிள் இரும்பு பெரும்பாலான குதிரைகளுக்குப் பொருந்தும். இரட்டை லகான் பூட்டும் இரும்பைக் கை பக்குவப்படாதவர் எடுக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கான்பூரின் சேணத் தொழில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே முதல் தரமும் கிடைக்கிறது, கழிவும் கிடைக்கிறது. நம் அளவுகளை அனுப்பி, பயன்படுத்தும் தோலில் ஒரு துண்டை மாதிரியாகக் கேட்டுப் பெற்று, மேலே சொன்ன சோதனைகளைச் செய்த பின் முன்பணம் கொடுப்பது நல்லது.

வந்த கடிவாளத்தை நேரே போட்டித் திடலுக்குக் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று வாரம் வீட்டுப் பயிற்சியில் பழக்குங்கள். ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வியர்வை உப்பை ஈரப் பஞ்சால் துடைத்து, கிளிசரின் சோப்பு தடவி, நிழலில் உலர்த்த வேண்டும். எண்ணெய் எதுவானாலும் அளவு மிஞ்சினால் தோல் தொய்யும், நிறமும் கறுக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை படரும். காற்றோட்டமான அறையில், ஆணியில் அன்றி உருண்டையான மரக்கட்டையில் மாட்டினால் உச்சிப்பட்டை மடிந்து கீறல் விழாமல் இருக்கும்.