மாமல்லபுரம் நாட்டிய விழாவும் அக்கம்பக்கத்துக் கடற்கரைகளும்: பயணத்தைத் திட்டமிடும் முறை

தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் மாமல்லபுரத்தில் நடத்தும் இந்திய நாட்டிய விழாவுக்குச் சென்னையிலிருந்து போகிறவர்களில் பலர், பிற்பகலில் கிளம்பி, மாலையில் நடனம் பார்த்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் விழாவைப் பார்க்கிறார்கள், கடலைப் பார்ப்பதில்லை. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து நிலத்தின் பக்கம் மறைவதால், கடற்கரையின் அழகு முழுவதும் விடியலில் இருக்கிறது. நடனமோ பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. இந்த இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்க வேண்டுமானால் ஓர் இரவாவது அங்கே தங்கியாக வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு முடிவைப் பின்பற்றி வருபவை.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் தேவை. விழா பொதுவாக டிசம்பர் மாதக் கடைசியில் தொடங்கி ஜனவரி பிற்பகுதி வரை நடக்கிறது என்றாலும், தொடக்க நாளும் முடியும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆகவே சுற்றுலாத் துறையின் அறிவிப்பைப் பார்த்து, எந்த நாளில் எந்த நடனம் என்பதையும் தெரிந்துகொண்ட பிறகே அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். டிசம்பர் 31 இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவல்துறையின் கெடுபிடி அதிகம். புத்தாண்டு நாளில் கூட்டம் அதிகம். எல்லாவற்றையும்விடக் காணும் பொங்கலைத் தவிர்ப்பது நல்லது. ஒருமுறை அந்த நாளில், மூன்று மணி நேரத்தில் சாவகாசமாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு நண்பகலில் கிளம்பினேன். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. முன்பதிவு செய்த அறையையும் விடுதிக்காரர் வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அதன் பிறகு, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வரும் வேலை நாட்களைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் இது திறந்தவெளி மேடை. வடகிழக்குப் பருவமழையின் கடுமை டிசம்பர் முற்பாதியோடு பெரும்பாலும் தணிந்துவிடும். 2016-இல் வர்தா புயல் டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கியதையும், 2022-இல் மாண்டஸ் புயல் டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்ததையும் நினைத்துப் பார்த்தால், அதற்குப் பிந்தைய நாட்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள நியாயம் புரியும். நாட்காட்டியில் இன்னொன்றையும் பாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டியே நிலவு கடலிலிருந்து எழுகிறது. அடுத்தடுத்த நாட்களில் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி எழுகிறது. எனவே பௌர்ணமிக்கு மறுநாள் சென்றால், நடனம் நடந்துகொண்டிருக்கும்போதே கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் நிலவு மேலேறி வரும். இதற்காகவே பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாநகரப் பேருந்துகள் ஊருக்குள் வரை செல்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் பேருந்துகளோ புறவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவதால், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. செங்கல்பட்டில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர்தான். அறை எடுக்கும்போது, கடலைப் பார்த்த அறை என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பிப் பணத்தைக் கொட்டுவதைவிட, விழா மேடையிலிருந்து நடந்து திரும்பக்கூடிய தொலைவில் இருக்கிறதா என்று கேட்பது மேல். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோவைத் தேடுவார்கள்.

முதல் நாள் நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுச் சற்று ஓய்வெடுத்துவிட்டு, மூன்று மணியளவில் ஐந்து ரதங்களிலிருந்து தொடங்குவது வசதியான வரிசை. தருமராச ரதம், அருச்சுன ரதம் முதலியவை மேற்குப் பார்த்து நிற்பதால், சாயும் வெயில் அவற்றின் முகப்பில் நேராக விழும். அதே நுழைவுச்சீட்டு அன்றைய நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும் என்பதால் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு தேவையில்லை. கடற்கரைக் கோயில் மாலை ஆறு மணிக்கு மூடப்படுவதால், நடனம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலிக்காது. நாலரை மணிக்கு உள்ளே நுழைந்தால், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய அந்தக் கற்றளியை அவசரமின்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே விழா மைதானத்துக்கு நடந்து வந்துவிடலாம்.

விழாவுக்குக் கட்டணம் இல்லை; ஆகவே நல்ல இருக்கை முன்னதாக வருபவர்களுக்குத்தான். முதல் சில வரிசைகளை விருந்தினர்களுக்காக ஒதுக்கி வைப்பது வழக்கம். அதற்கு அடுத்தபடியாக, நேர் நடுவில் பின்னால் உட்காருவதைவிட ஓரமாக முன்னால் உட்காருவதையே நான் விரும்புகிறேன். கடற்காற்று ஒலியைச் சிதறடிக்கும். ஒலிபெருக்கியில் பாட்டும் மிருதங்கமும் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் சலங்கை ஒலியும் பாதம் பலகையில் விழும் தட்டும் முன்வரிசைகளோடு நின்றுவிடும். நேரடி வாத்தியக் குழு மேடையில் இருந்தால் அவர்கள் அமர்ந்திருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். ஜதி சொல்லித் தாளமிட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் தாளமும் ஆடுபவரின் காலும் ஒன்றையொன்று துரத்துவதை அங்கிருந்துதான் முழுமையாக உணர முடியும். பரதநாட்டியம், குச்சிப்புடி, ஒடிசி, கதக், மோகினியாட்டம், கதகளி ஆகியவற்றோடு கரகாட்டம், மயிலாட்டம், ஒயிலாட்டம் போன்ற நாட்டுப்புறக் கலைகளும் இடம்பெறுகின்றன. இரவு இறங்கியதும் வாடைக்காற்றும் பனியும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலையை மூட ஒரு துணியும் மெல்லிய போர்வையும் கட்டாயம் வேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்கு, அறையில் காபிக்காகக் காத்திருக்காமல், கடற்கரைக்குச் சென்றுவிட வேண்டும். இந்த மாதங்களில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுகிறது. கோயிலுக்கு வடக்கே உள்ள மணலில், மீன் பிடித்துத் திரும்பிய படகுகளுக்கு அருகே வலையிலிருந்து மீன் கழற்றுபவர்களைக் காணலாம். விலகி நின்று பார்ப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வலையை மிதித்தால்தான் பேச்சு வாங்க நேரும். ஏழு மணிக்கு மேல் அருச்சுனன் தபசுப் பாறைக்குப் போவது சரியான நேரம். பாறை கிழக்கு நோக்கியிருப்பதால், காலை வெயிலில் ஒவ்வோர் உருவமும் தனித்தனியே எழும்பித் தெரியும். பெரிய யானையின் காலடியை ஒட்டிப் பாருங்கள்: முனிவனைப் போலவே இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நின்று தவம் செய்கிறது ஒரு பூனை, அதை நம்பி அதன் அருகில் வந்து நிற்கின்றன எலிகள். முந்தைய மாலையில் அபிநயம் பார்த்த கண்களுக்கு இந்தப் பூனையின் நடிப்பு கூடுதலாகவே புரியும்.

குளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும் இந்தக் கரையில் அலையின் வேகம் அதிகம். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாறைகள் வேறு உள்ளன. கால் நனைப்பதோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை. ஆபத்து உயரமான அலையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது. இரு புறமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் சற்றுக் கருத்து, அல்லது மணல் கலங்கி, நுரையைக் கடலை நோக்கி இழுத்துச் சென்றால், கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேறிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் உதவிக்குக் குதிப்பதால் ஆபத்தில் இருப்பவர் ஒருவருக்குப் பதில் இருவராவதே மிச்சம்; மிதக்கக்கூடிய எதையாவது வீசிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுவதே வழி.

அடுத்து எந்தக் கடற்கரை என்ற கேள்விக்கு, வடக்கு அல்லது தெற்கு, இரண்டில் ஒன்று மட்டும் என்பதே என் பதில். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடும் ஆசை, நாள் முழுவதையும் காருக்குள் கழிக்க வைத்துவிடும். வடக்கே போனால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். அங்கே புலிக்குகை என்று அழைக்கப்படும் பாறையில், வாசலைச் சுற்றிப் பதினொரு யாளித் தலைகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு அகழ்ந்து எடுக்கப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளமும் அருகிலேயே உள்ளது. சவுக்குத் தோப்பின் நிழலும் கடலும் சேர்ந்த அந்த இடத்தில் வேலை நாட்களில் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கிருந்து மேலும் வடக்கே கோவளம், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரை. குளியலறை, நடைபாதை, உயிர்காப்பாளர் ஆகிய வசதிகளால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது. அலைச்சறுக்குப் பழகவும் அங்கே ஏற்பாடு உண்டு. முட்டுக்காட்டில் படகுச் சவாரி, 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தென்னிந்திய வீடுகள், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஆகிய மூன்றும் சென்னைக்குத் திரும்பும் வழியிலேயே வருகின்றன. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தெற்கே போகிறவர்களுக்குச் சதுரங்கப்பட்டினம் ஒன்றே போதும். டச்சுக்காரர் கட்டிய கோட்டையும், அதனுள் மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் எழுப்பப்பட்ட கல்லறைகளும், எதிரே வெறிச்சோடிக் கிடக்கும் மணலும் அங்கே உண்டு. கடை கண்ணி குறைவு என்பதால் தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: கடற்கரைக் கடைகளில் மீனைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்; எண்ணெயில் போடுவதற்கு முன்பே எடையையும் விலையையும் பேசி முடித்துவிடுங்கள். கற்சிலை வாங்க நினைப்பவர்கள், உளிச்சத்தம் கேட்கும் பட்டறைக்கே போய், கல் எது, மாவுக்கல்லா கருங்கல்லா என்று கேட்டு வாங்கலாம். மாவுக்கல் மென்மையானது, ஆகவே பையில் இடித்தால் மூக்கு முதலில் போகும். துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்புபவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் சாலையைப் பிடித்துவிட வேண்டும். அதற்கு மேலானால், வழியில் இருக்கும் எல்லாக் கடற்கரைகளின் கூட்டமும் உங்களோடு சேர்ந்தே திரும்பும்.