டேங்க் அடித்தட்டில் ஒட்டுப் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர் சிப்காட் பக்கம் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) சமயத்தில் டேங்க் வேலைக்கு வரும் புதுப் பையன்களைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள். பெல்ட் மாட்டாமல் ஏறுவது, கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் பிடிப்பது எல்லாம் சேஃப்டிக்காரர் பார்த்துக்கொள்வார். அதை விட்டுவிடுகிறேன்.

ஓட்டைக்கு மட்டும் ஒட்டு

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பாட்டம் பிளேட்டில் விரல் நுனி அளவு ஓட்டை. உடனே உள்ளங்கை அகலத் துண்டை வெட்டி வைத்து, நாலு பக்கமும் வெல்டு ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஓட்டை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அடியிலிருந்துதான். டேங்க் ஓரத்தில் சீலன்ட் வெடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வழியாக இறங்கி அடிமணலில் தங்கிவிடும். கடலோரம் என்பதால் உப்பு வேறு. மேலே தகடு நன்றாகத்தான் தெரியும்.

ஒரு கம்பெனியில் இப்படி ஒட்டுப் போட்டு, வேக்குவம் பாக்ஸ் (வெல்டு மேல் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை உறிஞ்சிக் கசிவு பார்க்கும் பெட்டி) வைத்தார்கள். சோப்புத் தண்ணீரில் ஒரு நுரைகூட வரவில்லை, டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. அடுத்த மழைக்குள் ஒட்டின் விளிம்போரமாகவே கசிந்தது. பழி வெல்டர் தலையில் விழுந்தது. தடிமன் அளக்கும் கேஜ் வைத்தால், 6 மி.மீ. தகடு அந்த ஓரத்தில் 3-க்கும் கீழே. வெல்டில் குறையில்லை, அது பிடித்து நிற்க இரும்புதான் இல்லை. ஒட்டுக்கு ஆன செலவு சொற்பம். டேங்கை மறுபடி காலி செய்து, கழுவி, பெர்மிட் வாங்கியதில்தான் காசு போனது.

ஓட்டையைச் சுற்றிக் கட்டம் போட்டு, நல்ல தடிமன் கிடைக்கும்வரை கேஜோடு நகருங்கள். ஒட்டின் அளவை அந்த ரீடிங் முடிவு செய்யட்டும். கசிவைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அடியில் இல்லாத டேங்குக்கு, அடுத்த உள் பரிசோதனை வரும்போதும் தகடு 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்கிறது ஏபிஐ 653 (டேங்க் பரிசோதனை, பழுதுபார்ப்புக்கான அமெரிக்க விதித்தொகுப்பு). ஷெல்லிலிருந்து (டேங்கின் சுற்றுச்சுவர்) உள்ளே 75 மி.மீ. வரை வெல்டு வைக்கத் தனி விதிகள் உண்டு. இன்ஜினியரைக் கேட்காமல் அங்கே வெல்டிங் ராடைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஓட்டை வழியாக இறங்கிய சால்வென்ட் தகட்டுக்கு அடியில் மணலில் ஊறிக் கிடக்கும். டேங்குக்குள் கேஸ் டெஸ்ட் பூஜ்யம் காட்டும், அடியில் இருக்கும் ஆவி அதற்குத் தெரியாது. ஆர்க் பட்டால் தெரியும்.

7018 ராடு

ஈரம் ஏறக்கூடாத வெல்டிங் ராடு இது. திறந்த பாக்கெட்டைக் கடற்காற்றில் போட்டு வைக்காதீர்கள். ஓவன், பிறகு பிளாஸ்க் (ராடைச் சூடாக வைத்திருக்கும் கைப்பெட்டி), பிறகு கை.

பிரீத்தர் வால்வு

டேங்க் மூச்சு விடும் வழி இது. பெயிண்ட் அடிக்கும்போது இதன்மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல், டேங்கைக் காலி செய்யப் பம்பைப் போட்டால் டேங்க் உள்வாங்கி நசுங்கும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் ஹைட்ரோ டெஸ்ட்

டேங்கில் நிரப்பிச் சோதிக்கப் போவது போர்வெல் தண்ணீரா? குளோரைடு ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள், அது எஸ்.எஸ்.ஸை அரிக்கும்.