'இன்ஃபர்' என்ற வினைச்சொல்லை எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து 'வாட் கேன் பி இன்ஃபர்ட் ஃப்ரம் த பாசேஜ்?' என்று கேட்டால், விடை எந்த வரியில் இருக்கிறது என்று தேடாதீர்கள். எந்த வரியிலும் நேரடியாக இருக்காது. எழுதியிருப்பதை வைத்து நாமே ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதுதான் இன்ஃபர்.

1. முதலில் 'எதை வைத்து?' என்று கேளுங்கள்

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. கெட்ட காற்றால்தான் பரவுகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம் அது. டாக்டர் ஜான் ஸ்னோ விசாரித்துப் பார்த்தால், சாவுகளில் பெரும்பாலானவை பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் பம்புத் தண்ணீர் பக்கமே போகாமல் பீர் குடித்துவந்தார்கள், அவர்களில் யாரும் சாகவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்துகொண்டு அந்தப் பம்புத் தண்ணீரை வரவழைத்துக் குடித்த ஒரு பெண்மணியோ இறந்துபோனார். கிருமியைக் கண்ணால் பார்க்காமலே, தண்ணீர்தான் காரணம் என்ற முடிவுக்கு ஸ்னோ வந்தார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

'எதை வைத்து?' என்பதற்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் 'கெஸ்', அங்கே இன்ஃபர் போடாதீர்கள்.

2. வாக்கியம் அமையுங்கள்

'ஸ்னோ இன்ஃபர்ட் ஃப்ரம் த டெத்ஸ் தட் த வாட்டர் வாஸ் டு ப்ளேம்.' ஃப்ரம்முக்குப் பின் ஆதாரம், தட்டுக்குப் பின் முடிவு. அவ்வளவுதான். இறந்தகாலத்தில் எழுதும்போது 'ஆர்' (r) என்ற எழுத்து இரண்டாகும், 'இன்ஃபரன்ஸ்' என்ற பெயர்ச்சொல்லில் ஒன்றுதான்.

3. 'இம்ப்ளை'யோடு குழப்பாதீர்கள்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கல்யாணத்துக்கு வருகிறாயா என்று தோழியைக் கேட்கிறீர்கள், 'அன்னிக்கு எனக்குப் பரீட்சை இருக்கே' என்கிறாள். வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்தினாளே, அது இம்ப்ளை. வரமாட்டாள் என்று நீங்கள் புரிந்துகொண்டது இன்ஃபர். பேச்சில் ஆங்கிலேயர்களே சிலர் மாற்றிச் சொல்வதுண்டு, ஆனால் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

4. விடைகளை வடிகட்டுங்கள்

ஆதாரத்தைத் தாண்டி ஓடும் விடையை முதலில் அடித்துவிடுங்கள். மேலே உள்ள பத்தியை வைத்து 'பீர் காலராவைக் குணப்படுத்தும்' என்று சொல்ல முடியாது, 'ஸ்னோ கிருமியைக் கண்டுபிடித்தார்' என்றும் சொல்ல முடியாது. 'ஆலைத் தொழிலாளர்கள் தப்பியதற்கு அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காதது காரணமாக இருக்கலாம்' என்பது சரி, அதைத் தாராளமாக டிக் செய்யலாம்.