கோலமாவுக் கோடும் பன்னிரண்டு தப்படியும்

மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களை முதல் வாரமே திருப்பரங்குன்றம் பக்கம், வீடுகள் இன்னும் எழும்பாத ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலைக்கு அழைத்துப் போவேன். குறுக்கே கோலமாவால் ஒரு கோடு போடுவேன். 20 கி.மீ. வேகத்தில் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும். பிறகு இறங்கி, கோட்டிலிருந்து முன்சக்கரம் வரை தப்படி போட்டு அளக்கச் சொல்வேன். ஏறக்குறைய மூன்று வரும்.

"40-ல் வந்தால் எத்தனை, தம்பி?"

"ஆறு சார்."

மிதித்துப் பார்த்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டைத் தன் காலால் நடந்து அளந்தவர் அதை மறப்பதில்லை.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையையும் பிரேக் உராய்ந்து சூடாக்கித் தீர்த்தாக வேண்டும். டயரின் பிடிமானம் மட்டும் அதே அளவுதான்.

மேலூர் நான்குவழிச் சாலைக்குப் போகுமுன் இன்னொரு கணக்கும் போடவைப்பேன். 80-ல் ஒரு கார், 100-ல் ஒரு கார். ஒரே இடத்தில், ஒரே அளவு பிரேக். முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் 60 கி.மீ. வேகத்தில் கடக்கும். 100-ன் வர்க்கம் 10,000, 80-ன் வர்க்கம் 6,400, மிச்சம் 3,600. அது 60-ன் வர்க்கம். இதைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து நான் 80-ஐத் தாண்டுவதில்லை.

கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். 100-ல் அதற்குள்ளேயே 28 மீட்டர் போய்விடும். ஆகவே முன்வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் கல்லை எட்டினால் இடைவெளி போதாது. கோடை மழையின் முதல் தூறலில், தூசியும் எண்ணெயும் குழைந்து சாலை வழுக்கும்; அப்போது ஆறு வரை எண்ணுங்கள்.

ஏபிஎஸ் (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) உள்ள காரில் பிரேக் மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள்.

கிடை மாறும் ஆடுகள் தூரத்தில் தெரிந்தால், ஹாரனைத் தேடாமல் முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வையுங்கள். ஆடு மேய்க்கும் கீதாரி கையைக் காட்டினாலும், கடைசிக் குட்டி கடக்கும்வரை கால் அங்கேயே இருக்கட்டும்.