வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிரித்தால் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகத் தெரிகிறது, அதில் பாதரசம் வேறு இருக்கிறதாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் அடைத்துவிடலாம் என்று நிறையப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். அமால்கம் எனப்படும் அந்தப் பழைய அடைப்பில் எடைக்கு ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஆனால் உறுதியாக இருக்கிற அடைப்பிலிருந்து வரும் ஆவி மிகக் குறைவு, அதை ட்ரில்லால் அறுத்து எடுக்கும்போதுதான் கொஞ்ச நேரத்துக்கு அதிகமாகக் கிளம்பும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னது, கூடவே நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்றும் சொன்னது. அதனால் கர்ப்பமாக இருக்கும்போது, பயந்துபோய், ஏற்கெனவே இருக்கும் அடைப்பைப் பிடுங்குவது தலைகீழான வேலை.

ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது, போனது திரும்ப வளராது. அடைப்பு உடைந்திருக்கிறது, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறது, அடியில் சொத்தை பிடித்திருக்கிறது என்றால் சரி, மாற்றுங்கள். வெறும் கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்துச் சொத்தை என்று முடிவு கட்ட வேண்டாம், உலோகத்தின் சாயல் பல் வழியாகத் தெரிந்தாலும் அப்படித்தான் இருக்கும். "எதற்காக மாற்றணும் டாக்டர், எக்ஸ்ரேயில் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது, வெள்ளை அடைப்பும் அதே அளவு உழைக்கும் என்று நம்பிவிடுவது. கடைவாய்ப் பல்லில் காம்போசிட் எனப்படும் இந்தப் பல் நிற அடைப்பு பொதுவாக அமால்கம் அளவுக்கு நாள் தாங்குவதில்லை, அதைச் சுற்றி மறுபடி சொத்தை வரும் வாய்ப்பும் கூடுதல். காரணம் எளிது. அமால்கத்தைக் குழியில் இறுக்கி அடைத்தால் போதும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும். காம்போசிட்டைப் பல்லோடு ஒட்ட வேண்டும், அதற்கு இடம் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும், எச்சிலோ ரத்தமோ பட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். அதோடு லைட் காட்டி இறுகவைக்கும்போது அது சற்றுச் சுருங்கும் என்பதால் வழக்கமாகச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாகத்தான் வைப்பார்கள், நேரம் பிடிக்கும். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள், 'சீக்கிரம் முடிச்சுடுங்க' என்று மதிய இடைவேளையில் போய் உட்காராதீர்கள். ரப்பர் டாம் போடுவீர்களா என்று கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் அந்த ரப்பர் விரிப்பு ஈரத்தையும் தடுக்கும், அறுபடும் அமால்கத் துகள் தொண்டைக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளும்.

பழைய அடைப்பு பல்லில் பாதிக்கு மேல் இருந்தால் அதே இடத்தைக் காம்போசிட்டால் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மெலிந்துபோன பல் சுவர் முறுக்கைக் கடிக்கும்போது பிளக்கலாம். அங்கே ஆன்லேயோ (பல்லின் மெல்லும் மேற்பகுதியை மூடுவது) கேப்போ (முழுப் பல்லையும் மூடும் உறை) தேவைப்படும், செலவு கூடும்தான், ஆனால் பல் நிற்கும். விலை குறைவு என்று கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு அடைப்புப் பொருளுக்குச் சம்மதிப்பதும் உண்டு. அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் பெரியவர்களின் மெல்லும் பல்லில் பெரிய குழிக்கு அது சீக்கிரம் தேயும். என்ன பொருள் வைக்கிறார்கள் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது விட்டு அப்புறம் அடையுங்கள், ஏனென்றால் ப்ளீச்சிங்கில் காம்போசிட் நிறம் மாறாது.

கடைசியாக, மரத்த வாயோடு "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, மரப்பு விட்டதும் கடித்தால் அந்தப் பல் மட்டும் மற்றவற்றுக்கு முந்தி இடிக்கிறது என்றால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், திரும்பப் போனால் சில நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். சில நாள் லேசான கூச்சம் இயல்பு. சூடு பட்டு வந்த வலி நீண்ட நேரம் நின்றாலோ, ராத்திரி தானாக வலி எழுப்பினாலோ நரம்பு வரை பாதிப்பு போயிருக்கலாம், மாத்திரை போட்டு நாளைக் கடத்தாமல் உடனே காட்டுங்கள்.