சாரணப் படைக்கு வரும் பெரியவர்கள்: பயிற்சியும் பாராட்டும்

பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தில், பிள்ளைகளின் சாரணப் படையை நடத்தும் பெரியவரான சாரண ஆசிரியருக்கு அடிப்படைப் பயிற்சி முகாம் ஏழு நாள். அங்கே அவர் ஓர் அணியில் உறுப்பினர். விசில் ஊதுவதும் நேரம் பார்ப்பதும் வேறொருவர் வேலை. ஊர் திரும்பியதும் முப்பது பிள்ளைகள் முன்னால் தனியாக நிற்கிறார். பலர் தயங்கிப் பின்வாங்குவது முகாமில் அல்ல, இந்த முதல் மாதத்தில்தான். ஆகவே சான்றிதழ் வந்துவிட்டது என்று மாவட்டப் பொறுப்பாளர் கோப்பை மூடிவிடக் கூடாது. அந்த ஆசிரியர் படை நடத்துவதை யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கும் பாராட்டுக்கும் அதுதான் அடிப்படை.

முகாமுக்கு அனுப்பும் முன்பே செய்ய வேண்டியது: அவருடைய வேலை என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். 'கொஞ்சம் வந்து பாத்துக்கங்க சார்' என்று கூப்பிட்டு, பிறகு கணக்கு, முகாம், பேரணி எல்லாவற்றையும் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் ஆள் வரமாட்டார்.

குழந்தைப் பாதுகாப்பு விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மறைவில் தனியாக இருக்கக் கூடாது. கூடாரத்தில் பெரியவரும் பிள்ளைகளும் சேர்ந்து படுக்கக் கூடாது. பிள்ளையின் கைபேசிக்குத் தனிச்செய்தி கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டுமே. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 'முதலில் நாமே விசாரிப்போம்' என்று காலம் கடத்துவது தவறு. தெரிவிக்காமல் விடுவதே 21-ஆம் பிரிவில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லோரும் கைபேசியில் பதிந்துகொள்ளட்டும்.

முகாமிலிருந்து வந்ததும் முதல் ஆறு கூட்டங்களுக்கு அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்குப் போடுங்கள். முதல் இரண்டில் புதியவர் ஒரு விளையாட்டை மட்டும் நடத்தட்டும். அடுத்த இரண்டில் ஒரு திறனைக் கற்றுக்கொடுக்கட்டும். கடைசி இரண்டில் கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை அவர் பொறுப்பு. துணைவர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார், நடுவில் குறுக்கிட மாட்டார். பிள்ளைகள் முன்னால் ஒரு தடவை திருத்தினாலும் அவருக்கு இருக்கும் மதிப்பு போய்விடும்.

எதைக் கவனிப்பது? இரண்டு கயிற்று முனைகளை இணைக்கும் ரீஃப் நாட் என்ற முடிச்சைக் கற்றுக்கொடுப்பதையே பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மீட்டர் கயிறு, இரு முனைக்கும் இரு நிறம். புதியவர் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு கட்டிக் காட்டுவார். எதிரே இருப்பவருக்கு வலதும் இடதும் மாறித் தெரியும். பிள்ளைகள் அவர் கைகளைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறி, 'வலது இடதின் மேல், இடது வலதின் மேல்' என்பதற்குப் பதில் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றுவார்கள். வருவது கிரானி நாட் என்ற தவறான முடிச்சு; இழுத்தால் நழுவும். பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அவர்கள் பார்க்கும் திசையிலேயே நின்று கட்டினால் போதும். அதைவிட நல்லது, முந்தின நாளே அணித்தலைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களை விட்டுக் கற்பிப்பது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி இருக்கும்போது ஆசிரியரே முப்பது பேருக்கும் கத்துவது சாரண முறையே அல்ல.

கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடப் பேச்சு. 'எது நன்றாகப் போனது?' என்று முதலில் அவரையே கேளுங்கள். பிறகு திருத்த வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது.

பயிற்சியின் அடுத்த படிகளான அட்வான்ஸ்டு கோர்ஸ், இரண்டு மரமணிகள் தரும் ஹிமாலய வுட் பேட்ஜ் இரண்டுக்கும் இதே கவனிப்பு தொடர வேண்டும். சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1919-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் முதல் வுட் பேட்ஜ் முகாமைத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு மரமணிகள் திறமைக்கான அடையாளம், சேவைக்கான பரிசு அல்ல. 'பாவம், பத்து வருஷமா உழைக்கிறார்' என்று இரக்கப்பட்டுப் படிகளைத் தாண்ட விட்டால், முறையாக முடித்தவர்களின் மணிகளுக்கும் மதிப்பிருக்காது. உழைப்புக்குத் தனி விருதுகள் உண்டு: தேங்க்ஸ் பேட்ஜ், மெடல் ஆஃப் மெரிட், நீண்ட சேவைக்கானது, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளி யானை.

இந்த விருதுகளுக்குப் பரிந்துரை எழுத உட்காரும்போதுதான் பலருக்குக் கை ஓடாது. 'அர்ப்பணிப்புடன் பணியாற்றினார்' என்பதற்கு மேல் எழுத எதுவும் இருக்காது, ஏனென்றால் யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, செய்த வேலை, மணி நேரம், பார்த்தவர் கையெழுத்து. மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். சமையல் கூடாரத்தில் நின்றவர், பொருளறைக் கணக்கு பார்த்தவர், பேருந்தில் கடைசியாக ஏறித் தலை எண்ணியவர் எல்லோரும் அதில் வர வேண்டும். மேடையில் தெரிபவர்களுக்கே விருது போவதை இந்த நோட்டுதான் தடுக்கும்.

விருது எப்போதாவது வருவது; நன்றியை ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அச்சடித்த சான்றிதழும் பொன்னாடையும் கொடுத்தால் உழைத்தவருக்கும் வந்து போனவருக்கும் வித்தியாசமே இல்லை. 'மூன்று இரவும் மழையில் கூடாரக் கயிறுகளைச் சரிபார்த்தீர்கள்' என்று கையால் எழுதிய இரண்டு வரி அதைவிட மேல். பெயரும் முன்னெழுத்தும் சரியா என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் ஆசிரியரோ வேறு வேலையில் இருப்பவரோ, தலைமையாசிரியருக்கோ மேலதிகாரிக்கோ ஒரு நன்றிக் கடிதம் போகட்டும். அடுத்த முகாமுக்கு அனுமதி கேட்கும்போது அது உதவும். வெளியூர் முகாமுக்கு அவரை அனுப்பிவைத்த குடும்பத்தையும் விழாவுக்கு அழையுங்கள். சொந்தக் காசில் பஸ் கட்டணம் கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்காமல் மாலை போடாதீர்கள்.

விலகுபவரையும் மறக்க வேண்டாம். பொருளறைச் சாவியும் பதிவேடும் வாங்கும் அதே நாளில், நோட்டைப் பார்த்து எழுதிய சேவைச் சான்றைப் படைக்கூட்டத்தில் பிள்ளைகள் கையால் கொடுங்கள்.